காளி ஓவியத்தில் எதைப் பார்ப்பது?

காளி படத்தைப் பார்த்ததும் நம் கண் முதலில் போய் நிற்கிற இடம் நாக்கு. அடுத்து வெட்டுண்ட தலை, அப்புறம் முண்டமாலை. அதற்குள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இரு தரப்பும் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது அவளுடைய வலப்பக்கக் கைகளை. அங்கே ஒரு கை ‘அஞ்சாதே’ என்று உயர்ந்திருக்கும். இன்னொரு கை ‘கேள், தருகிறேன்’ என்று தாழ்ந்திருக்கும். வாளும் தலையும் இடப்பக்கம், அபயமும் வரமும் வலப்பக்கம். ஒரே உடம்பில் இந்த இரண்டும் இருப்பதுதான் காளி.

இன்றைய ஓவியர்கள் அவளை ஏன் திரும்பத் திரும்ப வரைகிறார்கள், அந்தப் படங்களில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். தந்திர சாஸ்திரமோ கலை வரலாறோ படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. பழைய படத்தில் என்னென்ன இருந்தது, அது எதற்காக இருந்தது என்று தெரிந்தால் போதும். புதிய ஓவியர் எதை வைத்துக்கொண்டார், எதை எடுத்தார், எதன் இடத்தில் எதை வைத்தார் என்பது பிறகு கண்ணில் படத் தொடங்கும்.

முதலில் கதை

காளியின் போர்க்கதை விரிவாக வருவது தேவி மகாத்மியத்தில். அது மார்க்கண்டேய புராணத்தின் ஒரு பகுதி. 700 மந்திரங்கள் கொண்டது என்பதால் சப்தசதி என்றும் சொல்வார்கள். சண்டன், முண்டன் என்ற அசுரர்கள் படையோடு வரும்போது அம்பிகையின் முகம் கோபத்தில் கறுக்கிறது. நெரிந்த புருவங்களுக்கு மேலே, நெற்றியிலிருந்து காளி வெளிப்படுகிறாள். வற்றிய உடல், குழிவிழுந்த சிவந்த கண்கள், புலித்தோல் ஆடை, தொங்கும் நாக்கு. இருவர் தலையையும் கொண்டுவந்து அம்பிகையின் முன் வைக்கிறாள். சாமுண்டி என்ற பெயர் அதனால் வந்தது.

அடுத்து வருகிறவன் ரத்தபீஜன். அவன் உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் மண்ணில் விழுந்தால் அங்கே இன்னொரு ரத்தபீஜன் எழுவான். வெட்ட வெட்டப் பெருகுகிறான். தேவர்கள் கலங்கி நிற்கும்போது காளி வாயை அகலத் திறந்து, ரத்தம் தரையைத் தொடுமுன் குடித்துவிடுகிறாள். புதிதாக முளைத்தவர்களையும் விழுங்குகிறாள். ரத்தம் முழுக்க வற்றிய பிறகே அவன் சாகிறான்.

இந்தக் கதையின் தர்க்கத்தைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆயுதத்தால் அடித்தால் பெருகுகிற ஒரு தீமை. அதை ஒழிக்க இன்னும் கூரான ஆயுதம் உதவாது, அதை உள்ளே வாங்கிச் செரிக்கிற ஒருத்தி வேண்டும். கலவரமும் போரும் பார்த்த 20-ஆம் நூற்றாண்டு ஓவியர்களைக் காளி இழுத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை

வங்காளத்தில் பெருவழக்காக வணங்கப்படும் வடிவம் தட்சிண காளி. நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்த காலண்டர் காளி அவள்தான். அவளிடம் இருக்கிற எதுவும் அலங்காரத்துக்காக இல்லை.

நிறம் கறுப்பு. வெள்ளை, மஞ்சள் முதலான எல்லா நிறங்களும் கறுப்பில் மறைவதுபோல எல்லா உயிர்களும் காளியிடம் ஒடுங்குகின்றன என்று மகாநிர்வாண தந்திரம் என்ற நூல் விளக்குகிறது. அவள் காலத்தையே விழுங்குகிறவள். ஓவியருக்கோ இதில் ஒரு தொழில் சிக்கல் உண்டு. உடம்பு முழுக்கக் கறுப்பைப் பூசினால் கையும் தோளும் எங்கே பிரிகின்றன என்று தெரியாது. அச்சுப்படங்களில் காளி கருநீலமாகவோ நீலமாகவோ வருவது ஓவியருக்கு அந்த விதத்தில் வசதி. பிற்காலத்தில் அந்த நீலமே அவளுடைய நிறமாகிவிட்டது.

கழுத்து மாலையில் 50 தலைகள் என்பது ஒரு மரபு, 51 என்பது இன்னொன்று. அவை சமஸ்கிருத எழுத்துகளின் எண்ணிக்கை. பேச்சும் பெயரும் அவளிடமிருந்து பிறந்து அவளிடமே முடிகின்றன என்பது பொருள். இடுப்பைச் சுற்றிய வெட்டுண்ட கைகள் வினைகளைக் குறிக்கும், ஏனென்றால் செயல் செய்வது கை. கையில் இருக்கும் தலை ‘நான்’ என்ற அகந்தை, வாள் அதை அறுக்கிற ஞானம். விரித்த கூந்தல், ஆடையற்ற உடல் இரண்டும் அவளை எந்தக் கட்டும் கட்டாது என்பதைச் சொல்கின்றன. காலடியில் சிவன் அசைவற்றுக் கிடக்கிறார். சக்தி சேராமல் சிவத்தால் அசையவும் முடியாது என்ற சாக்தக் கருத்தின் நேரடிச் சித்திரம் அது.

நாக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு மூன்று விளக்கங்கள் இருக்கின்றன, மூன்றும் வெவ்வேறு காளிகளைக் காட்டுகின்றன. முதலாவது ரத்தபீஜன் கதை: அது ரத்தம் குடிக்கிற நாக்கு. இரண்டாவது வங்காளத்தில் வீட்டுக்கு வீடு சொல்லும் கதை. வெற்றிக் களிப்பில் அவள் ஆடிய ஆட்டத்தில் உலகம் அதிர்ந்தது. நிறுத்த வழியில்லாமல் சிவன் போய் அவள் பாதையில் படுத்தார். கணவர் மார்பில் கால் பட்டுவிட்டதே என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது தத்துவ விளக்கம்: சிவந்த நாக்கு ரஜோ குணம், அதாவது வேகம்; அதை அழுத்தும் வெள்ளைப் பற்கள் சத்துவ குணம், அதாவது அமைதி.

ஓவியத்தைப் பார்க்கும்போது இதைச் சோதித்துவிடலாம். பல் நாக்கின் மேல் பதிந்திருக்கிறதா, அல்லது வாய் முழுக்கத் திறந்திருக்கிறதா? பதிந்திருந்தால் தன் வேகத்தைத் தானே உணர்ந்து நின்றவள். திறந்திருந்தால் இன்னும் போர்க்களத்தில் இருப்பவள். இந்த ஒரு வேறுபாட்டிலேயே படத்தின் மனநிலை மாறிவிடும்.

வறட்டி தட்டிய பெண்

தட்சிண காளியின் உருவம் எப்படி வந்தது என்பதற்கு வங்காளத்தில் ஒரு மரபுக்கதை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கதை, இந்தக் கட்டுரைக்கு அடிப்படையும் அதுதான். நவத்வீபத்தில் கிருஷ்ணானந்த ஆகமவாகீசர் என்றொரு தந்திரிகர் இருந்தார். அம்மா எந்த உருவத்தில் உன்னை வணங்குவது என்று கேட்டு ஏங்கினார். விடிந்ததும் நீ முதலில் காணும் பெண்ணின் கோலமே என் கோலம் என்று தேவி கனவில் சொன்னாள்.

காலையில் அவர் கண்டது சுவரில் வறட்டி தட்டிக்கொண்டிருந்த ஒரு கறுத்த பெண்ணை. ஒரு கால் முன்னே வைத்திருந்தாள், சாணி பிடித்த கை தட்டுவதற்காக உயர்ந்திருந்தது, கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. வெளி ஆள் ஒருவர் நிற்பதைக் கண்டதும் வெட்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த நிலையை அப்படியே வடித்தார் என்கிறது கதை.

இது நடந்ததா என்று ஆராய்வதில் எனக்கு ஆர்வமில்லை. இந்தக் கதையைச் சொல்லி வந்த மக்கள், காளியின் உருவத்துக்கு மாதிரியாக ஓர் உழைக்கும் பெண்ணை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். உயர்ந்த கை ஆயுதம் பிடிக்குமுன் சாணி பிடித்த கை. ஆகவே இன்றைய ஓவியர் ஒருவர் காளியைச் சமையலறையிலோ தெருவிலோ நிற்கிற பெண்ணாக வரையும்போது, மரபை உடைத்துவிட்டார் என்று பாராட்டுகிறவர்களும் திட்டுகிறவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள். அவர் மரபின் தொடக்கத்துக்குப் போயிருக்கிறார்.

கோயில் வாசலிலிருந்து காலண்டர் வரை

கொல்கத்தாவின் காளிகாட் கோயிலில் இருக்கும் மூர்த்தியே நாம் பழகிய வடிவம் இல்லை. கருங்கல் முகம், மூன்று பெரிய கண்கள், நீண்டு தொங்கும் தங்க நாக்கு. 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைச் சுற்றி உட்கார்ந்த பட்டுவா ஓவியர்கள், வருகிற பக்தர்களுக்கு விற்க ஆலைத் தாளில் நீர்வண்ணத்தில் படம் எழுதினார்கள். பின்னணி எதுவும் கிடையாது. தூரிகையை ஒரே இழுப்பாக இழுத்த வளைகோடு, கோட்டின் ஓரமாக நிழல், நகைகளுக்குத் தகரத்தை அரைத்துச் செய்த வெள்ளி மினுக்கு. வேகமாக எழுத வேண்டும், மலிவாக விற்க வேண்டும். அந்த அவசரத்திலிருந்து பிறந்த கோட்டின் தெளிவுதான் பின்னால் இந்திய நவீன ஓவியர்கள் பலரை ஈர்த்தது.

அப்புறம் கல்லச்சு வந்தது. 1878-இல் தொடங்கிய கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோவும், 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மா அச்சகமும் காளியை ஆயிரக்கணக்கில் அச்சடித்து நாடெங்கும் அனுப்பின. பட்டுவாக்களின் தொழில் படுத்தது. வங்காளத்துக் காளி இந்தியா முழுமைக்குமான காளியானாள்.

தமிழ்நாட்டுக் காளி இவளிடமிருந்து நிறையவே வேறுபட்டவள் என்பதை இந்த இடத்தில் நினைவில் வைக்க வேண்டும். சிலப்பதிகாரத்தின் கொற்றவை எருமைத் தலைமேல் நிற்கிறாள். சோழர் காலப் பத்திரகாளிக்குத் தீப்பிழம்பாக எழும் கூந்தல், கோரைப்பல், ஒரு காதில் பிண வடிவத்தில் செய்த குழை. தில்லைக் காளியோ சிவனோடு போட்டியிட்டு ஆடியவள், அவர்மேல் ஏறி நின்றவள் இல்லை. இவ்வளவு இருந்தும் நம் வீட்டுச் சுவரிலும் நம் ஓவியக் கூடங்களிலும் நாக்கு நீட்டிய வங்காளக் காளியே அதிகம் தென்படுகிறாள் என்றால் அதற்குக் காரணம் அச்சகம். தீக்கூந்தல் காளியை இன்றைய ஓவியத்துக்குள் கொண்டுவர இங்கே எவ்வளவோ இடம் இருக்கிறது.

தையப் மேத்தாவின் காளி

நவீன இந்திய ஓவியத்தில் காளி என்றதும் முதலில் வரும் பெயர் தையப் மேத்தா (1925–2009). குஜராத்தில் ஒரு போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து மும்பையில் வாழ்ந்தவர். 1947 கலவரத்தின்போது முகமது அலி சாலையில் ஓர் இளைஞனைக் கும்பல் அடித்துக் கொன்றதைத் தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தார். அந்தக் காட்சி வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை. கட்டிப்போட்ட காளைமாடு, தலைகீழாக விழும் மனிதன், கான்வாஸைக் குறுக்காக இரண்டாகப் பிளக்கும் சாய்கோடு என்று அவர் வரைந்தவை எல்லாம் வன்முறைக்கு ஆளான உடல்கள்.

1984–85-இல் சாந்திநிகேதனில் தங்கி ஓவியம் எழுதும் வாய்ப்பு வந்தது. வங்காளத்தின் தேவி வழிபாட்டை அருகிலிருந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவர் கான்வாஸில் காளியும் மகிஷாசுரனும் வந்தார்கள்.

அவருடைய காளியிடம் காலண்டர் படத்தின் சாமான்கள் எதுவும் கிடையாது. மயானம், நகை, கிரீடம், ஒளிவட்டம் எல்லாம் போய்விட்டன. மேடு பள்ளம் காட்டாத தட்டையான நிறப்பரப்புகள், கத்தியால் அறுத்ததுபோன்ற விளிம்புகள், நீல உடல், முறிந்து மடங்கியதுபோல் கிடக்கும் கைகால்கள். நடுவே சிவந்து திறந்த வாய். பல் கடித்த நாணத்தின் சாயல் கொஞ்சமும் இல்லை. மேலே சொன்ன சோதனையை இங்கே போட்டுப் பாருங்கள்: ரத்தபீஜன் கதையின் வாய் இது. ஆனால் அசுரன் எங்கே? பல படங்களில் எதிரியைத் தனியாகக் காண முடியாது. அடிக்கிறவளின் உடம்பே அடிபட்ட உடம்பாகவும் தெரிகிறது. மகிஷாசுரன் வரிசையில் இது இன்னும் முற்றிப்போய், தேவியும் எருமையும் போரிடுகிறார்களா தழுவிக்கொள்கிறார்களா என்று பிரிக்க முடியாதபடி பின்னிக்கொள்கிறார்கள்.

கும்பல் ஒருவனைக் கொல்வதைப் பார்த்த கண்ணுக்கு, வன்முறையை அழிக்கவும் ஒரு வன்முறை வேண்டியிருக்கிறது என்பது எளிதாக விழுங்கக்கூடிய விஷயம் இல்லை. அந்தச் சிக்கலை அவர் தீர்த்துவைக்கவில்லை. நீலத்துக்குள் சிவப்பாகத் திறந்து வைத்திருக்கிறார். 1989-இல் அவர் வரைந்த காளி ஒன்று 2018 ஏலத்தில் 26.4 கோடி ரூபாய்க்குப் போனது. செய்தித்தாள்களில் அந்தத் தொகைதான் பெரிதாக வந்தது. படத்தைப் பற்றி அதே அளவுக்கு எழுதியிருந்தால் இதைப் போன்ற கட்டுரைகளுக்குத் தேவை குறைந்திருக்கும்.

மாலையில் யார் தலை?

மேத்தா வாயைப் பிடித்துக்கொண்டார் என்றால் சுதபா பிஸ்வாஸ் மாலையைப் பிடித்துக்கொண்டார். சாந்திநிகேதனில் 1962-இல் பிறந்து, சிறு வயதிலேயே இங்கிலாந்துக்குப் போனவர். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் தொடங்கி 1985-இல் முடித்த படத்துக்கு ‘ஹவுஸ்வைவ்ஸ் வித் ஸ்டேக்-நைவ்ஸ்’ என்று பெயர் வைத்தார். இறைச்சி வெட்டும் கத்தியோடு இல்லத்தரசிகள். அதே ஆண்டு லண்டனில் நடந்த ‘தி தின் பிளாக் லைன்’ கண்காட்சியில் அது இடம்பெற்றது.

படம் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம். சுவரில் நேராக ஒட்டி நிற்காமல், மேல்பகுதி முன்னால் சாய்ந்திருக்கும்படி மாட்ட வேண்டும் என்பது ஓவியரின் ஏற்பாடு. பார்க்கிறவர் தலைக்கு மேல் அவள் கவிவாள். நான்கு கைகள். ஒன்றில் வெட்டுக்கத்தி, ஒன்றில் தலை. மற்றக் கைகளில் ஒன்று விரித்த உள்ளங்கையாக உயர்ந்திருக்கிறது, இன்னொன்று ரோஜாவும் ஒரு சிறு கொடியும் பிடித்திருக்கிறது. தட்சிண காளியின் கணக்கு சரியாகவே இருக்கிறது: வெட்டும் கைகளும் உண்டு, வெட்டாத கைகளும் உண்டு.

அந்தக் கொடியில் இருப்பது 17-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கியின் யூதித் படம். தன் ஊரை முற்றுகையிட்ட தளபதியின் தலையை அறுத்த பெண்ணின் கதை அது. காளியைப் பார்த்து ‘எவ்வளவு கொடூரம்’ என்று சொல்லக்கூடிய ஐரோப்பியப் பார்வையாளருக்கு, உங்கள் அருங்காட்சியகங்களிலும் இதே வேலையைச் செய்த பெண்கள் மாட்டியிருக்கிறார்களே என்று அந்தச் சின்னக் கொடி நினைவூட்டுகிறது. கழுத்து மாலையில் இருப்பவை அதிகாரத்தில் இருந்த வெள்ளை ஆண்களின் தலைகள்.

அதாவது எழுத்துகளைக் குறித்த தலைகள் இங்கே வரலாற்றைக் குறிக்கின்றன. இதில் தத்துவம் குறைந்துவிட்டது என்று ஒருவர் வருத்தப்படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலகத்துக்குப் பெயரிட்டு, எல்லைக் கோடு போட்டு ஆண்டவர்களின் தலைகளை, மொழியைக் குறிக்கும் தலைகள் இருந்த இடத்தில் கோத்திருக்கிறார். யாருடைய சொல் இனி செல்லாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வறட்டி தட்டிய பெண்ணை நினைத்துக்கொண்டு பார்த்தால், இந்த இல்லத்தரசி அந்த மரபுக்கு நேர் வாரிசு.

அர்ப்பிதா சிங் 1990-இல் வரைந்த ‘தேவி பிஸ்டல் வாலி’ இன்னொரு திசை. காளி என்று அவர் பெயர் சொல்லவில்லை. வெள்ளைச் சேலை, பல கைகள், ஒரு கையில் பிஸ்டல். கோரைப்பல் இல்லை, நாக்கு இல்லை, உக்கிர முகமே இல்லை. பக்கத்து வீட்டில் பார்க்கக்கூடிய பெண். நம் சமூகத்தில் வெள்ளைச் சேலைக்கு என்ன பொருள், அதை உடுத்தவளிடம் யாரும் ஆயுதத்தை எதிர்பார்ப்பார்களா என்று யோசித்தால் படம் திறந்துகொள்ளும். பிகாஷ் பட்டாச்சார்ஜி இதற்கு நேர்மாறாக ஆயுதத்தையும் எடுத்துவிட்டார். அவருடைய துர்கை வரிசையில் கொல்கத்தாவின் சாதாரணப் பெண்கள் புகைப்படம்போல அச்சு அசலாக இருப்பார்கள், நெற்றியில் மட்டும் மூன்றாவது கண்.

உறுப்பைப் பிய்த்து எடுத்தால்

1970-இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் மாணவர் ஜான் பாஷ் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவுக்காக வரைந்த சிவந்த உதடு, நீட்டிய நாக்குச் சின்னத்தை நிறையப் பேர் டி-ஷர்ட்டில் போட்டிருப்பார்கள். அதற்குத் தூண்டுதலாக இருந்தது மிக் ஜாகர் காட்டிய காளி படம். வடிவமைப்பாக அது அபாரமான வேலை. ஆனால் முகம், கை, காலடி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு நாக்கை மட்டும் எடுத்தபோது ரத்தபீஜனும் போனான், நாணமும் போனது. மிஞ்சியது குறும்பும் எதிர்ப்பும்.

இது இன்று காளியின் பெயரில் வரும் டிஜிட்டல் சித்திரங்கள் பலவற்றுக்கும் பொருந்தும். கோபமான பெண் என்று காட்ட வேண்டுமா, நாக்கையும் கொஞ்சம் ரத்தத்தையும் போட்டுவிடு என்ற அளவில் நின்றுவிடுகின்றன. தோளில் தசை முறுக்கேற்றி, கண்ணில் தீ வைத்து, வீடியோ கேம் பாத்திரமாக ஆக்கிவிடுகிறார்கள். அவற்றில் அபயக் கை இருக்காது. அதை நான் ஒரு குறையாகவே பார்க்கிறேன். அபயத்தை எடுப்பதற்கு ஓவியருக்கு முழு உரிமை உண்டு. மேத்தா எடுத்திருக்கிறார், அந்த இழப்பு படம் முழுக்கத் தெரிகிறது. எடுத்ததே தெரியாமல் விட்டுப்போவதுதான் சோம்பல்.

காளியை இப்படி வரையலாமா என்ற கேள்வியும் கூடவே வரும். அவள் கோடிக்கணக்கானவர்களுக்குத் தாய். 18-ஆம் நூற்றாண்டில் வங்கக் கவிஞர் ராம்பிரசாத் சென் அவளோடு சண்டை போட்டு, கோபித்துக்கொண்டு, கெஞ்சிப் பாடிய காலத்திலிருந்து வங்காளத்தில் அவள் ‘மா’. தட்சிணேசுவரத்தில் ராமகிருஷ்ணர் அவளை அப்படித்தான் பார்த்தார். தாயின் படத்தில் கை வைக்கிறார்கள் என்றால் மனம் புண்படும் என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அதேசமயம் ஆடையற்றவளாக, மயானத்தில் நிற்பவளாக, எந்த ஒழுங்குக்கும் அடங்காதவளாக அவளைக் கண்டு வணங்கியவர்களும் அதே பக்தர்கள்தான். புதிய ஓவியம் ஒன்று நம்மைத் தொந்தரவு செய்தால் அது அவமதிப்பா, அல்லது காலண்டர் படம் பூசி மெழுகிய பழைய உக்கிரம் வெளியே வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பழக விரும்புகிறவர்கள் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பிலிருந்து தொடங்கலாம், காளிகாட் படங்கள் அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அதில் ஒரு காளியைத் திரையின் ஒரு பக்கம் திறந்துகொண்டு, மறுபக்கம் பிஸ்வாஸ் படத்தையோ மேத்தா படத்தையோ வையுங்கள். கைகளை எண்ணுங்கள், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வாயைப் பாருங்கள். மாலையில் யார் என்று பாருங்கள். காலடியில் யாராவது இருக்கிறாரா, இல்லையென்றால் அந்த இடத்தில் நிற்கிறவர் நாம்தானா என்றும் கேட்டுப்பாருங்கள். பிஸ்வாஸ் தன் படத்தை முன்னால் சாய்த்து மாட்டச் சொன்னதன் காரணம் அந்தக் கடைசிக் கேள்வியில்தான் பிடிபடும்.